பழைய எம்ஆர்2வுக்கு ஏசி பார்ட்ஸ் தேடி ஏழு மாசம் அலைஞ்ச கதை

கணக்க முதல்லயே சொல்லிடறேன்ங்க. என் வண்டிக்கு ஏசி சரி பண்ண நியாயமா ஆன செலவு 52,400 ரூபா. அதுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாம அங்கயும் இங்கயும் போட்டு தொலைச்சது 80,900 ரூபா. ரெண்டாவது தொகைய வீட்ல இன்னிக்கு வரைக்கும் சொல்லல. பங்குனில ஆரம்பிச்ச வேலை ஐப்பசில முடிஞ்சுது, அதாவது வெயில் பூரா வேர்வைல உக்காந்துட்டு மழை கொட்டறப்ப ஏசி ரெடி ஆச்சு. பழைய இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கறவங்க யாராவது இதே குழில விழறதுக்கு முன்னாடி படிச்சா சரி.

வண்டி 1992 டொயோட்டா எம்ஆர்2, சேஸி கோட் எஸ்டபிள்யூ20, இன்ஜின் கோட் 3எஸ்-ஜிஇ. சிங்கப்பூர்ல இருந்த என் மாமா 90கள்ல ஊரோட திரும்பி வந்தப்ப டிரான்ஸ்பர் ஆஃப் ரெசிடென்ஸ்ல, அதாவது வெளிநாட்ல இருந்து குடி திரும்பறவங்க சாமான் கொண்டார விடற ஏற்பாட்டுல, கொண்டாந்தது, ரொம்ப வருசம் அவர் தோட்டத்து ஷெட்ல தார்ப்பாய்க்கு கீழ தூங்கிட்டு இருந்து அப்புறம் என் கைக்கு வந்துச்சு. ரெண்டு பேர் உக்கார்ற வண்டி, முதுகுக்கு பின்னாடியே இன்ஜின், தலைக்கு மேல ரெண்டு பக்கமும் கழட்டற கண்ணாடி. கோயம்புத்தூர் குளுகுளுன்னு இருக்கும்னு இன்னும் யாராவது சொன்னா ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்த வண்டில உக்கார வெச்சு அவினாசி ரோட்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டு போறேன். ஏசி இல்லாம இது கார் இல்ல, இட்லி குண்டா.

இந்த வண்டில ஏசி எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொன்னாதான் மத்தது புரியும். சாதாரண கார்ல கேஸ அமுக்கி தள்ளற கம்ப்ரசர், சூட்ட வெளிய கக்கற கண்டென்சர் எல்லாம் முன்னாடியே பக்கத்துல பக்கத்துல இருக்கும். இதுல இன்ஜின் பின்னாடி இருக்கறதால கம்ப்ரசர் பின்னாடி, கண்டென்சர் மூக்குல ரேடியேட்டருக்கு முன்னாடி, கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள்ள. நடுவுல அலுமினிய பைப் வண்டிக்கு அடில முழு நீளத்துக்கு ஓடுது. அதனால லீக் ஆக வாய்ப்பிருக்கற இடமும் அதிகம், அத தேடற வேலையும் அதிகம். இது எனக்கு அப்ப தெரியாது.

மார்ச் கடைசில குளிர்ச்சி கம்மியாச்சு. வழக்கமா மத்த வண்டிக்கு போற ஏசி கடைக்கு போனேன், "ங்ணா கேஸ் தாங்ணா கம்மி, போட்டா ஐஸ் மாதிரி ஆயிரும்"னு சொல்லி போட்டு விட்டாரு. 2,200 ரூபா. ஒன்பது நாள் ஐஸ் மாதிரிதான் இருந்துச்சு, பத்தாவது நாள் வெறும் காத்து. திரும்ப போனேன், இந்த தடவை ஏதோ லீக் அடைக்கற மருந்தும் சேத்து 2,800. பன்னெண்டு நாள். மூணாவது தடவை 3,500, எண்ணெயும் சேத்து. மூணு தடவையும் லீக் எங்கன்னு அவரும் பாக்கல, நானும் கேக்கல. உள்ள என்ன கேஸ் இருந்துச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல. முன் பானட்ட தூக்குனா ஸ்டிக்கர்ல ஆர் 12னு பழைய கேஸோட பேர் போட்டிருக்கு, பாதி அழிஞ்சு போயி ஆனா படிக்கற மாதிரிதான் இருக்கு. அந்த கேஸ் போடற வாய் கூட மரை போட்டது, அதுக்கு பதிலா பின்னாடி வந்த ஆர் 134ஏ கேஸ் வண்டில டக்குனு மாட்டற கப்ளர் தான் இருக்கும். அவர் ஒரு அடாப்டர திருகி ஆர் 134ஏவ மேலயே அடிச்சு விட்டிருக்காரு. அடாப்டர் தேவைப்படுதுன்னாலே ஏதோ மாறி இருக்குன்னு அர்த்தம், அங்கயே நான் நிறுத்தி இருக்கணும்.

இதுல என்ன கெடுதல்னா, ஆர் 12ல ஓடற கம்ப்ரசர்ல மினரல் ஆயில் இருக்கும். ஆர் 134ஏ அந்த ஆயிலோட கலக்காது. கலக்கலேன்னா ஆயில் கேஸோட சேந்து சுத்தி வராது, கண்டென்சர்லயும் காயில்லயும் போயி தேங்கிடும், கம்ப்ரசர் காஞ்ச தொண்டையோட ஓடும். இதுக்குன்னு பிஏஜிங்கற செயற்கை ஆயில் வேணும், பைப் இணைப்புல இருக்கற ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், எல்லாம் மாத்தணும், உள்ள ஈரத்த உறிஞ்சற டிரையர் மாத்தணும். முழுசா கழுவி மாத்துனா நல்லா ஓடும், பாதி மாத்துனா சாவு. ஆர் 12 கேஸயே தேடி போடலாமேன்னு கேப்பீங்க. ஓசோன ஓட்டை போடுதுன்னு 1987ல மாண்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டு படிப்படியா நிறுத்துன கேஸ் அது, இந்தியாலயும் 2010க்குள்ள உற்பத்திய நிறுத்திட்டாங்க. இன்னிக்கு ஒருத்தர் சிலிண்டர் காட்டி ஒரிஜினல் ஆர் 12னு சொன்னா எனக்கு நம்பிக்கை இல்ல, பாதி இடத்துல அது எல்பிஜி கலந்த ஏதோ ஒண்ணு. மலிவு கேஸ் விளையாட்டு எந்த அளவுக்கு போகும்னா, 2011ல கப்பல்ல போற குளிர்சாதன கண்டெய்னர்கள்ல ஆர் 134ஏன்னு சொல்லி கலப்பட கேஸ் போட்டு, அது உள்ள இருந்த அலுமினியத்தோட வேதிவினை ஆகி, வெடிச்சு ஆளே செத்தாங்க. நூறு இருநூறு மிச்சம்னு தெரியாத சிலிண்டர்ல கேஸ் போடாதீங்க.

மூணாவது தடவை போட்டு ஆறே நாள். ஹோப் காலேஜ் சிக்னல்ல நிக்கறேன், பச்சை விழுந்து கிளம்பறேன், பின்னாடி இருந்து பன்னி கத்தற மாதிரி ஒரு சத்தம், ரப்பர் கருகற வாசனை. டேஷ்ல பேட்டரி லைட் எரியுது. இந்த வண்டில ஆல்டர்னேட்டரும் ஏசி கம்ப்ரசரும் ஒரே பெல்ட்ல ஓடுது, கம்ப்ரசர் இறுகுனா பெல்ட் வழுக்குது, சார்ஜ் நிக்குது. எதேச்சையா ஏசி பட்டன அமுக்கி ஆஃப் பண்ணேன், சத்தம் நின்னுச்சு. கிளட்ச் விட்டதும் புல்லி மட்டும் சும்மா சுத்தும், அதனால தப்பிச்சேன். உங்களுக்கு இந்த மாதிரி ஆனா முதல்ல ஏசிய அமத்துங்க, பெல்ட் அறுந்துச்சுன்னா வீடு வரைக்கும் டோ தான்.

அதே கடைல கழட்டுனாங்க. பைப்ப பிரிச்சதும் சாம்பல் கலர்ல பசை மாதிரி வந்துச்சு, விரல்ல தேச்சா மினுமினுன்னு அலுமினிய பொடி. "கம்ப்ரசர் முடிஞ்சுதுங்ணா, புதுசு கொண்டாங்க மாட்டிக்கலாம்"னாரு. பழசு மேசை மேல கிடந்துச்சு, "இத என்ன பண்றதுங்ணா"ன்னு கேட்டதுக்கு "வெச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மொத்த கதைலயும் நான் பண்ண பெரிய முட்டாள்தனம் அந்த ஒரு வார்த்தை தான்.

அப்புறம் தேடல். ஒரு ஷோரூம் ஸ்பேர் கவுண்டர்ல வண்டி பேர் சொன்னேன், அந்த பையனுக்கு அப்படி ஒரு வண்டி டொயோட்டாவுல வந்ததே தெரியல, பாவம் அவன் பொறந்ததே அந்த வண்டி நின்னதுக்கு அப்புறமா இருக்கும். சேஸி நம்பர் போட்டா சிஸ்டத்துல வரல. அங்க இருந்த வயசான ஒருத்தர்தான் ஒரு பேப்பர்ல எழுதி காட்டுனாரு. டொயோட்டா பார்ட் நம்பர் அஞ்சு டிஜிட், கோடு, இன்னொரு அஞ்சு. முதல் அஞ்சு அது என்ன சாமான்னு சொல்லும், 88320னா கம்ப்ரசர், 88460னா கண்டென்சர், 88471னா டிரையர், 88515னா எக்ஸ்பேன்ஷன் வால்வு. கோட்டுக்கு அப்புறம் வர்ற முதல் ரெண்டு எண் அந்த சாமான எந்த வண்டிக்கு முதல்ல பண்ணாங்கன்னு சொல்லும், எம்ஆர்2வுக்கு அது 17. 17ல ஆரம்பிச்சா அந்த வண்டிக்குன்னே பண்ணது, கிடைக்கறது கஷ்டம். வேற எண்ல ஆரம்பிச்சா வேற மாடலுக்கு பண்ணத இதுலயும் போட்டிருக்காங்க, அது இன்னும் எங்கயாவது கிடைக்கும். இந்த ஒரு விசயத்த அன்னிக்கே மண்டைல ஏத்தி இருந்தா அடுத்த ரெண்டு நட்டமும் வந்திருக்காது. பேப்பர மடிச்சு பாக்கெட்ல வெச்சேன், மறந்துட்டேன்.

ஏன்னா அவசரம். ஏப்ரல் வெயில். ராத்திரி பதினோரு மணிக்கு போன்ல "எம்ஆர்2 ஏசி கம்ப்ரசர்"னு தேடி, அமெரிக்கால ஒரு விற்பனையாளர் புதுசுன்னு போட்டிருந்தத ஆர்டர் பண்ணிட்டேன். சாமான் 19,000, கப்பல் இல்ல விமானத்துல அனுப்ப 13,500. இங்க வந்ததும் கஸ்டம்ஸ் 15,900. சாமான் விலைக்கு மட்டும் வரி போடுவாங்கன்னு நினைச்சிருந்தேன், அப்படி இல்ல, சாமான் விலையோட அனுப்பற கூலில ஒரு பங்கு, இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டி அந்த மொத்தத்துக்கு மேலதான் வரி. எடை கூடுன சாமானுக்கு கூலியே பாதி விலை வரும். ஆக 48,400. பெட்டிய பிரிச்சா கம்ப்ரசர் கைக்கு அடக்கமா குட்டியா இருக்கு. போல்ட் போடற காது எங்கயோ இருக்கு, பைப் வாய் எங்கயோ பாக்குது. எம்ஆர்2ன்ற பேர்ல மூணு தலைமுறை வண்டி இருக்குங்க. 1984ல வந்த ஏடபிள்யூ11, 1989ல இருந்து 1999 வரைக்கும் எஸ்டபிள்யூ20, அதுக்கப்புறம் இசட்இசட்டபிள்யூ30. எனக்கு வந்தது கடைசி தலைமுறையோடது. விளம்பரத்துல கீழ சின்ன எழுத்துல வருசம் போட்டிருந்திருக்கு, நான் பேர பாத்தேன், போட்டோவ பாத்தேன், பணத்த கட்டிட்டேன். திருப்பி அனுப்பலாம்னா கூலி நான் கட்டணும், இங்க கட்டுன வரிய திரும்ப வாங்க அலையணும், அத விட அந்த கம்ப்ரசர் அலமாரில இருக்கட்டும்னு விட்டுட்டேன். இன்னிக்கும் இருக்கு, கதவு சாத்தாம இருக்க முட்டு குடுக்கறேன்.

அதனால ஒண்ணு சொல்றேன், வண்டி பேர போட்டு தேடாதீங்க, சேஸி கோட், இன்ஜின் கோட் போட்டு தேடுங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி விக்கறவர்கிட்ட அந்த சாமானோட சொந்த போட்டோ கேளுங்க, பின் பக்கம், பைப் வாய், மேல ஒட்டி இருக்கற பிளேட், பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு. அத அனுப்ப சோம்பல் படறவர்கிட்ட வாங்காதீங்க.

ரெண்டாவது நட்டம் இன்னும் கேவலம். ஜப்பான்ல ஏலத்துல பழைய வண்டி சாமான் நிறைய வரும், அங்க இருக்கற இடைத்தரகர் மூலமா நம்ம பேர்ல ஏலம் எடுத்து அனுப்புவாங்க. இந்த தடவை உசாரா சேஸி கோட், போட்டோ எல்லாம் சரி பாத்தேன், என் வண்டியோட கம்ப்ரசரே தான், கிளட்ச்சோட. சாமான் 9,500, தரகர் கூலி அங்க உள்ளூர் கூலி 3,000, இங்க அனுப்ப 11,500. வந்து இறங்கி கஸ்டம்ஸ்ல நின்னுருச்சு. ஏன்னா இன்வாய்ஸ்ல பழசுன்னு போட்டிருக்கு. மெஷினரி மாதிரி சாமானத் தவிர பழைய பொருள இறக்குமதி பண்ணணும்னா டிஜிஎஃப்டி, அதாவது மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக ஆபீஸ், அனுமதி வேணும்ங்க, நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணு வரவழைச்சுக்க முடியாது. எனக்கு இது தெரியவே தெரியாது. கூரியர்காரங்க ஆதார் கேட்டாங்க, பான் கேட்டாங்க, கடிதம் கேட்டாங்க, நடுவுல வெச்சிருந்த நாளுக்கு வாடகையும் ஏறுது. மூணு வாரம் போன் பண்ணி பண்ணி சலிச்சு போயி, விட்டுருங்கன்னு எழுதி குடுத்துட்டேன். 24,000 ரூபா கம்ப்ரசர் எந்த கோடவுன்ல கிடக்குதோ. வெளிய ஒரு ஆள் "இன்வாய்ஸ்ல புதுசுன்னு போட சொல்லி இருக்கலாமே, விலைய கம்மியா போட சொல்லி இருக்கலாமே"ன்னு ஐடியா குடுத்தாரு. மாட்டுனா சாமானும் போயி அபராதமும் வரும், அந்த வேலை எனக்கு வேண்டாம். பழைய சாமான் வேணும்னா ஏற்கனவே நம்ம நாட்டுக்குள்ள இருக்கறத தேடுங்க, வெளிய இருந்து வாங்கறதுன்னா புதுசு மட்டும் வாங்குங்க, அதுவும் எடை கம்மியான சாமான்.

ஜூலை வரைக்கும் வண்டிய தொடவே இல்ல. வெறுத்து போச்சு. மாமா போன் பண்ணி "ஏசி ஆச்சா மாப்ள"ன்னு கேப்பாரு, "பாத்துட்டு இருக்கேன் மாமா"ன்னு பேச்ச மாத்திருவேன். சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நாள் போயிட்டு வந்தேன், அங்க இல்லாத சாமான் உலகத்துலயே இல்லன்னு சொல்வாங்களே, எனக்கு கிடைச்சது வெயிலும் ஒரு கரும்பு ஜூசும் தான்.

திருப்பம் எங்க வந்துச்சுன்னா ஆவாரம்பாளையத்துல ஒரு லேத் பட்டறைல. வேற வேலையா போனவன் பேச்சுவாக்குல புலம்புனேன், பட்டறைக்காரர் "கம்ப்ரசர் ரீபில்ட் பண்றவர் ஒருத்தர் இருக்காருங்க, பஸ் ஏசி எல்லாம் பண்ணுவாரு, போயி பாருங்க"ன்னு அனுப்பி விட்டாரு. போனேன். அறுபது வயசு இருக்கும், சட்டை பாக்கெட்ல டார்ச்சு. என் கதைய பூரா பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாரு. "பழைய கம்ப்ரசர் எங்க தம்பி?"

நான் முழிச்சேன். அவர் சொன்னாரு, "வண்டிதான் தம்பி அபூர்வம், கம்ப்ரசர் அபூர்வம் இல்ல. கார் கம்பெனி ஏசி கம்ப்ரசர் பண்றதில்ல, டென்சோ மாதிரி நாலஞ்சு பேர் பண்ணி எல்லா காருக்கும் குடுக்கறாங்க. உள்ள இருக்கறது ஒண்ணுதான், வெளிய காது, பைப் வாய், புல்லி இது மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். உங்க வெளிக்கூடு இருந்தா உள்ள நான் போட்டு தர்றேன். கூடு இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது." நாலு மாசமா நான் உலகம் பூரா தேடுன சாமான் என்கிட்டயே இருந்துச்சு, அத நான் வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

நேரா முதல் கடைக்கு ஓடுனேன். "அது அப்பவே காயலான் கடைக்கு போட்டாச்சுங்ணா." எந்த கடை? உக்கடம். உக்கடத்துல எத்தனை கடை இருக்குன்னு போயி பாத்தவங்களுக்கு தெரியும். ரெண்டு சனிக்கிழமை அங்கயே சுத்துனேன். மாருதி கம்ப்ரசர் மலை மாதிரி குமிஞ்சு கிடக்கு, ஒவ்வொண்ணா புரட்டி பாத்து கை பூரா கிரீஸு. ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கடைல பாய் டீ குடிச்சுட்டே "அலுமினியம் எல்லாம் அந்த மூட்டைல இருக்கு, நாளைக்கு லோடு போயிரும், பாத்துக்கங்க"ன்னாரு. மூட்டைய கொட்டுனேன். நாலாவது இல்ல அஞ்சாவதா வந்துச்சு. கிளட்ச் மேல நான் முன்னாடி ஒரு தடவை பெல்ட் மாத்தறப்ப வெள்ளை பெயிண்ட்ல போட்ட கோடு அப்படியே இருக்கு. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு பையன் பொறந்தப்ப கூட... சரி வேண்டாம். என் மூஞ்சிய பாத்துட்டு பாய் கிலோ கணக்க விட்டுட்டு 1,200 கேட்டாரு. பேரம் பேசல. பேசற நிலைமைலயும் இல்ல.

கம்ப்ரசர் மேல இருந்த பிளேட்ட மண்ணெண்ணெய் தொட்டு தொடைச்சாரு ரீபில்டர். டென்சோ 10பிஏ வரிசை. 10ன்னா பத்து சிலிண்டர், அஞ்சு பிஸ்டனுக்கு ரெண்டு பக்கமும் தலை, நடுவுல சாஞ்ச தட்டு சுத்தும். பின்னாடி வர்ற 15, 17ங்கறது அளவு, 15ன்னா ஒரு சுத்துக்கு 155 சிசி சுமார், 17ன்னா 178. அந்த கடைசி எண் ஒத்து போகணும், அவ்வளவுதான். வேற ஒரு பழைய டொயோட்டால இருந்து கழட்டுன அதே அளவு கம்ப்ரசர் 4,500க்கு அவரே பிடிச்சாரு, அதுல இருந்து பிஸ்டன், ஷூ, வால்வு தட்டு எடுத்து என் கூட்டுல போட்டு, ஷாஃப்ட் சீல் புதுசு, ஓ-ரிங் செட் புதுசு, வேலைக்கு 9,500. மொத்தம் 14,000. உங்க வண்டி என்னவா இருந்தாலும் கம்ப்ரசர் போச்சுன்னு யாராவது சொன்னா முதல்ல அந்த பிளேட்ட போட்டோ எடுங்க. பழச வீட்டுக்கு கொண்டாந்து கட்டிலுக்கு கீழ போடுங்க. புதுசு மாட்டி ஒரு கோடை ஓடற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க. இது கண்டென்சர், பைப், சுவிட்ச் எல்லாத்துக்கும் பொருந்தும், பைப்போட முனை தான் உங்க வண்டிக்குன்னு பண்ணது, நடுவுல இருக்கற ஹோஸ் எங்கயும் கிடைக்கும்.

கம்ப்ரசர் உள்ள பொடிஞ்சிருச்சுன்னா அந்த பொடி கண்டென்சர்ல போயி நிக்கும், பழைய கண்டென்சர அப்படியே விட்டா புது கம்ப்ரசரும் ஒரு மாசத்துல அதே கதி. என் பழைய கண்டென்சர் ஒரிஜினல் எங்கயும் கிடைக்கல. அளவெடுத்து, அதே இடத்துல உக்கார்ற பேரலல் ஃப்ளோ வகை கண்டென்சர் பொதுவா விக்கறது 5,200க்கு வாங்குனோம். ஆர் 134ஏவுக்கு பிரஷர் கொஞ்சம் கூட வரும், இந்த வகை சூட்ட நல்லா கக்கும், அதனால மாத்துனது நல்லதுக்குத்தான். பிராக்கெட் மட்டும் தகட்டுல வளைச்சு பண்ணோம். முன்னாடி ஃபேன் மெதுவா சுத்துச்சு, மோட்டாருக்கு பேர் போன ஊர்ல இருந்துட்டு ஃபேன் மோட்டாருக்கு ஜப்பான் போவானேன்னு கணபதில ஒரு ரீவைண்டிங் கடைல கார்பன் பிரஷ் மாத்தி குடுத்தாங்க, 150 ரூபா, அத கணக்குலயே சேக்கல.

ரப்பர் ஹோஸ் எல்லாம் பழசு, ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் பண்ற கடைல ஏசிக்குன்னு வர்ற பேரியர் ஹோஸ் போட்டு என் பழைய முனைகளையே வெச்சு பிரஸ் பண்ணி வாங்குனேன், 6,800. அடில ஓடற பைப்ப கழட்டி ரெண்டு முனையும் அடைச்சு நைட்ரஜன் ஏத்தி சோப்பு தண்ணி தடவுனோம். எங்கயும் குமிழி வரல. பைப்ப பிடிச்சிருந்த கிளாம்ப்புல ரப்பர் ஒட்டிட்டு இருந்துச்சு, அத ரீபில்ட் பண்ண பெரியவர் நகத்தால சுரண்டி எடுத்தாரு, அதுக்கு கீழ அலுமினியம் வெள்ளையா உப்பு பூத்து கிடக்கு, நடுவுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை, அங்க இருந்து சோப்பு நுரை மெதுவா பொங்குது. ரப்பருக்கும் பைப்புக்கும் நடுவுல தண்ணி தங்கி தங்கி அரிச்சது. முதல் நாள் மார்ச்ல நான் கேஸ் போட்டேனே, அந்த லீக் இதுதான். ஆர்கான் வெல்டிங்ல அடைச்சாங்க, 900 ரூபா. 900 ரூபாய்க்கு முடிய வேண்டிய விசயம்.

காயிலுக்குள்ள கேஸ அளவா விடற எக்ஸ்பேன்ஷன் வால்வு மட்டும் ஜப்பான்ல இருந்து புதுசு வரவழைச்சேன். அதோட நம்பர்ல கோட்டுக்கு அப்புறம் 17 இல்ல, வேற மாடலுக்கும் போட்டது, அதனால சுலபமா இருந்துச்சு. கை அளவு சாமான், எடை இல்ல, இன்வாய்ஸ்ல பார்ட் நம்பர், புதுசு, என்ன பொருள்னு தெளிவா எழுத சொன்னேன், வரியோட சேத்து 6,300, பதினோரு நாள்ல வீட்டுக்கு வந்துருச்சு. டிரையர் 1,400, பச்சை ஓ-ரிங் ஒரு செட் 600. ஓ-ரிங் ஹார்டுவேர் கடைல அளவு பாத்து வாங்கறது வேண்டாம், ஏசிக்குன்னு கேட்டு வாங்குங்க. டிரையர் மூடிய மாட்டற கடைசி நிமிசம் வரைக்கும் திறக்காதீங்க, காத்துல இருக்கற ஈரத்த அது குடிச்சுரும், அப்புறம் வண்டிக்குள்ள குடிக்க அதுக்கு இடம் இருக்காது. டேஷ்போர்டு பிரிச்சப்ப கூலிங் காயில் மேல மாமா தோட்டத்து புளிய இலை ஒரு கைப்பிடி, எலி கொண்டாந்த பஞ்சு. காயில் நல்லா இருந்துச்சு, கழுவி மாட்டிட்டோம். மாட்டற கூலி டேஷ்போர்டோட 12,000, நைட்ரஜன், வேக்குவம், கேஸ் எல்லாம் 4,000.

கேஸ் போடற அன்னிக்கு நான் பக்கத்துலயே நின்னேன். பெரியவர் பம்ப் வெச்சு உள்ள இருக்கற காத்த உறிஞ்சி முக்கா மணி நேரம் வேக்குவம் போட்டாரு, பம்ப்ப நிறுத்தி அரை மணி நேரம் முள்ள பாத்துட்டே உக்காந்திருந்தாரு. முள் நகரல, அதாவது லீக் இல்ல. அப்புறம் சிலிண்டர தராசுல வெச்சு எடை பாத்து போட்டாரு. பழைய ஆர் 12 எடைல எண்பது தொண்ணூறு சதவீதம் தான் ஆர் 134ஏ, அதுக்கு மேல போட்டா பிரஷர் எகிறும். முதல் கடைல தராசுன்னு ஒண்ணு நான் பாக்கவே இல்ல, கை வெச்சு பாத்து "போதுங்ணா"ன்னு சொல்றதுதான் அளவு. கடைக்கு போனா தராசு இருக்கா, வேக்குவம் பம்ப் இருக்கா, லீக் எங்கன்னு காட்டுவாங்களான்னு மூணும் கேட்டுட்டு சாவிய குடுங்க.

எல்லாம் முடிச்சு ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டா கிளட்ச் டக்குனு பிடிக்குது, மூணு நாலு செகண்ட்ல விட்டுருது, பட்டன்ல லைட் மினுக் மினுக்குன்னு கண்ணடிக்குது. எனக்கு அழுகையே வந்துருச்சு. பெரியவர் சிரிச்சாரு. கம்ப்ரசர் மேல ஒரு குட்டி சென்சார் இருக்கு, அது கம்ப்ரசர் சுத்தற வேகத்த ஏசிய கட்டுப்படுத்தற ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு சொல்லும், இன்ஜின் வேகத்தோட ஒத்து வரலேன்னா கம்ப்ரசர் இறுகிருச்சுன்னு நினைச்சு ஆஃப் பண்ணி லைட்ட மினுக்கும். பெல்ட்ட காப்பாத்த வெச்ச ஏற்பாடு. ஹோப் காலேஜ் சிக்னல்ல இதுவே வேலை செஞ்சிருக்கணும், செய்யல, யார் எப்ப ஒயர வெட்டி ஒட்டுனாங்களோ. சென்சார் கனெக்டர்ல ஒரு பின் பச்சை பிடிச்சிருந்துச்சு, எமரி தாள்ல தேச்சு மாட்டுனாரு. லைட் நின்னு எரிஞ்சுது.

அன்னிக்கு வெளிய மழை, ஏசி தேவையே இல்ல, ஆனாலும் கண்ணாடி பூரா ஏத்தி விட்டு வீடு வரைக்கும் நடுங்கிட்டே வந்தேன். அபார்ட்மெண்ட்ல நிறுத்திட்டு மேல போயி பத்து நிமிசம் இருக்கும், வாட்ச்மேன் காலிங் பெல் அடிக்கறாரு. "சார், உங்க செவப்பு வண்டிக்கு அடில தண்ணி சொட்டு சொட்டா ஒழுகுது சார், ஏதாவது ஓட்டையான்னு பாருங்க." கீழ போயி அவரோட சேந்து குனிஞ்சு கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தேன். காயில் தண்ணி. ஏசி ஓடுனா சொட்டும். "ஒழுகட்டும்ங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.